டோர்ட்மண்டில் எனக்குத் துணை நின்றவர்களுக்கு

போன வாரம் முதுகலை ஆய்வறிக்கையைச் சமர்ப்பித்துவிட்டேன். செய்தி கேட்டு வாழ்த்திய நண்பர்கள், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி. பல பேர் 'ஒத்தையாளாகப் போய் ஜெயித்துவிட்டாய்' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் நான் ஒத்தையாளாக இருந்த நாட்கள் ரொம்பக் குறைவு. 2023 அக்டோபரில் இங்கே வந்து இறங்கியதிலிருந்து ஒருவர் என்னை அடுத்தவர் கையில் ஒப்படைக்க, அவர் அதற்கடுத்தவரிடம் ஒப்படைக்க, அப்படித்தான் இந்தப் படிப்பு முடிந்திருக்கிறது. அவர்களில் சிலர் தமிழ் படிப்பார்கள், சிலருக்கு நானே வாசித்துக் காட்டப் போகிறேன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

முதலில் கோயம்புத்தூர் அக்கா. ராஜபாளையத்தில் இருந்தபடியே பேசி முடித்து வைத்திருந்த அறையை, நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியில் அறை இல்லை என்றால் படுக்க இடம் இல்லை என்பதோடு போகாது. குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், அந்தப் பதிவு இல்லாமல் வரி எண் வராது, வங்கி வேலை இழுத்துக்கொண்டே போகும், விசாவுக்காகக் கட்டி வைத்த முடக்கக் கணக்கிலிருந்து மாதாமாதம் வரவேண்டிய 934 யூரோவும் (அந்த வருஷக் கணக்கு, ஆண்டுக்கு 11,208) கைக்கு வராமல் நிற்கும். இதெல்லாம் தெரிந்தவர் என்பதால்தான் அக்கா, மாணவர் குழுவில் நான் போட்ட செய்தியைப் பார்த்ததும் 'நீ நேரா இங்க வா, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்' என்று ஒரே வரியில் பதில் போட்டார். அதற்கு முன்னால் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், தன் அறையில் பாதியைக் கொடுத்தார், வீட்டு உரிமையாளரிடம் போய்ப் பேசி என்னை முறைப்படி சேர்த்துக்கொள்ள அனுமதி வாங்கி, அந்தத் தாளையும் வாங்கித் தந்தார். அக்கா, நீங்கள் வேலை கிடைத்து ம்யூனிக் போன அன்று நான் சரியாகப் பேசவில்லை, அழுகைதான் வந்தது. இப்போது சொல்கிறேன். அந்தத் தாள் இல்லாமல் எனக்கு இங்கே எதுவுமே தொடங்கியிருக்காது.

அக்காதான் என்னை முனைக்கடை அண்ணனிடம் அறிமுகப்படுத்தினார். டோர்ட்மண்ட் இருக்கும் ரூர் பகுதியில் தெருவுக்குத் தெரு சின்னப் பெட்டிக்கடை உண்டு. செய்தித்தாள், பால், பீர், மிட்டாய் என்று எல்லாம் கிடைக்கும், அக்கம்பக்கத்தார் நின்று பேசுவதும் அங்கேதான். நாங்கள் இருந்த நோர்ட்ஸ்டாட், ரயில் நிலையத்துக்கு வடக்கே இருக்கிறது. எத்தனையோ நாட்டுக்காரர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. கடைக்கார அண்ணனின் அப்பா, 1961-இல் துருக்கியோடு ஜெர்மனி போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு சுரங்க வேலைக்கென்று வந்தவர். வகுப்பில் படித்த ஜெர்மன் எனக்கு இவரிடம் பேசித்தான் வாயில் வந்தது. கடையில் கூட்டம் நின்றாலும் நான் வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருப்பார், இடையில் புகுந்து ஆங்கிலத்துக்கு மாற மாட்டார். வீட்டிலிருந்து அம்மா அனுப்பிய பார்சல் எல்லாம் இவர் கடையில்தான் எனக்காகக் காத்திருக்கும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் என்பதில் தொடங்கி, பல்கலைக்கழக அட்டையில் மாநிலம் முழுக்க ரயிலில் போகலாம், வாரக் கடைசியில் வீட்டுக்குள்ளேயே கிடக்காதே என்பது வரை, இந்த ஊரில் வாழும் விதம் பெரும்பாலும் இவர் சொல்லித் தெரிந்ததுதான்.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி நிறைய எழுதலாம். சுரங்கத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரமே கதவைத் தட்டினார். சத்தம் போட்டுவிட்டோமோ என்று பயந்து திறந்தால், குப்பைத் தொட்டிகளைக் காட்டித் தர வந்திருந்தார். காகிதத்துக்கு ஒன்று, மக்கும் குப்பைக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறைகளுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று, கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறம் பிரித்துப் போட வேண்டும், அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் கேட்கும். பொறுமையாக, என் ஜெர்மனுக்கு ஏற்ற மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அன்றிலிருந்து படிக்கட்டில் எங்கே பார்த்தாலும் 'க்ளூக் அவுஃப்' என்று சுரங்கக்காரர்கள் வணக்கத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ராத்திரி எனக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. அக்கா ஊரில் இல்லை. கீழே போய்க் கதவைத் தட்டினேன். தாத்தா பதறவே இல்லை. 112 உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், இதற்கு வேறு எண் இருக்கிறது என்று 116117-ஐக் கூப்பிட்டு, என் வயது, காய்ச்சல் அளவு எல்லாம் அவரே சொல்லி, அந்த நேரத்தில் திறந்திருக்கும் மருத்துவர் எங்கே என்று கேட்டு, டாக்ஸியில் கூடவே வந்தார். வெளிநாட்டில் படிக்கப் போகும் எல்லோரும் அந்த நாட்டின் இப்படிப்பட்ட எண்ணை இறங்கிய அன்றே போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. எழுபது வயது தாண்டியவர், வைத்தியம் முடிந்து நான் வெளியே வரும்வரை காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார்.

உடம்பு தேறியதும் என்னை ஸெக்க ஸொல்லர்னுக்குக் கூட்டிப் போனார். டோர்ட்மண்டின் பழைய நிலக்கரிச் சுரங்கம், இப்போது அருங்காட்சியகம். அங்கே இருக்கும் இயந்திரக் கூடத்தை வெளியிலிருந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடி பதித்த அரண்மனை வாசல் என்றுதான் நினைப்பீர்கள். ஒவ்வொரு இயந்திரமாக நிறுத்தி விளக்கினார். இழுவை எப்படி வேலை செய்தது, கீழே போகும் கூண்டில் எத்தனை நெருக்கி நிற்பார்கள் என்று. ஆட்டோமேஷன், ரோபாட்டிக்ஸ் என்று படிக்க வந்த எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் வகுப்பில் கிடைத்ததைவிடக் குறைந்தது இல்லை. ஜெர்மனியில் பூமிக்கடியில் தோண்டிய கடைசி நிலக்கரிச் சுரங்கம், ரூர் பகுதியிலேயே இருக்கும் போட்ரோப்பில், 2018 டிசம்பரில் மூடப்பட்டது. கடைசி நிலக்கரித் துண்டை மேலே கொண்டுவந்து குடியரசுத் தலைவர் கையில் கொடுத்ததை டிவியில் பார்த்தபோது எதுவும் பேச முடியவில்லை என்று சொன்னார். தாத்தா, அதை என்னிடம் சொல்லலாம் என்று நினைத்தீர்களே, அதற்கும் நன்றி.

அப்புறம் ஹம் அன்ரி (ஈழத்தமிழர்கள் ஆன்ட்டியை அப்படித்தான் சொல்வார்கள்). டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ஹம் வந்துவிடும், அங்கிருந்து பஸ்ஸில் போனால் ஊன்ட்ரோப்பில், தொழிற்பேட்டைக்கு நடுவில் நம்மூர்க் கோபுரம் தெரியும். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோவில், ஈழத்தமிழர்கள் கட்டி 2002-இல் குடமுழுக்கு நடந்தது. அங்கே போ என்று அனுப்பியது கடைக்கார அண்ணன்தான். தன் வாடிக்கையாளரான ஒரு தமிழ் அம்மாவின் போன் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டு வரிசையில் என்னைக் கண்டுபிடித்து, 'நீங்கள்தானே அந்தப் பிள்ளை? வாங்கோ, முதல்ல சாப்பிடுங்கோ' என்றவர்தான் அன்ரி.

1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். தஞ்சம் கேட்டு விண்ணப்பித்தவர்கள் அன்றைக்கு அனுமதி இல்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. அடுத்த ஊரில் இருந்த தன் அண்ணனைப் பார்க்கக்கூட அதிகாரியிடம் கடிதம் வாங்க வேண்டியிருந்தது என்று, அரிசி களைந்துகொண்டே சொன்னார். தன் மகளின் குளிர்கால அங்கியை எனக்குப் போட்டுவிட்டவர், யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போத்தலில் அடைத்துத் தந்தவர், தேர்வு நேரத்தில் ஞாயிறுதோறும் புட்டும் சொதியும் செய்து வைத்துக் காத்திருந்தவர். கோடையில் தேர்த்திருவிழாவுக்கு என்னைத் தங்க வைத்துக்கொண்டார். பல நாடுகளிலிருந்து சனம் வந்திருந்தது. தேர் முடிந்து, தீர்த்தமாட, பக்கத்தில் ஓடும் கால்வாய்க்கு அம்மனைக் கொண்டுபோனபோது அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர்ப்பக்கம் ஜெர்மன்காரர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அங்கே ஒரு வீடு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறுதியாகத் தோன்றியது.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டு ஓட்டுநர் இல்லாமல் ஓடும் ஹா-பானில் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்த ஈரான் தோழிதான் கடைசிவரை என் ஆய்வகத் துணை. கணக்கில் அவள் எனக்கு, நிரல் எழுதுவதில் நான் அவளுக்கு. உதவியாளர் வேலை காலியாக இருக்கிறது என்று சொன்ன ஆய்வு மாணவர், வரைவை வரிக்கு வரி திருத்திய வழிகாட்டி, நூலகத்தில் மொழி மேசை நடத்தும் ஓய்வு பெற்ற ஆசிரியை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பா, அம்மா, கடன் வாங்கி அனுப்பினீர்கள். அதைப் பற்றி நேரில் பேசுகிறேன்.

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. அக்கா எனக்கு விட்டுப்போன அறையில் இன்னொருவர் தங்க இடம் உண்டு, உரிமையாளரிடம் பேசிவிட்டேன், பதிவுக்கான தாளும் கிடைக்கும். டோர்ட்மண்டுக்கு வரும் பெண்கள் யாராவது அறை கிடைக்காமல் தவித்தால் எனக்கு எழுதுங்கள். ரயில் நேரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், தாத்தாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.