ஆண்டறிக்கை 2024–25: பெசன்ட் நகரில் குடியேற எண்ணுவோருக்கான குறிப்புகளுடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் பொதுக்குழுவுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார் என்பதால் அதை இங்கே தொடவில்லை.

அறிக்கையின் அமைப்பு இம்முறை சற்று மாறியிருக்கிறது. பழைய மூன்று மாடிக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதிய கட்டடங்கள் எழ எழ, இங்கே வீடு வாங்கவோ வாடகைக்கு வரவோ எண்ணுவோர் சங்க அலுவலகத்துக்கு வந்து கேட்கும் கேள்விகளும் பெருகிவிட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட, ஆண்டின் பணிகளைச் சொல்லும்போதே அவர்கள் அறிய வேண்டியதையும் சேர்த்து எழுதுமாறு செயற்குழு பணித்தது. தரகர்களின் விளம்பரத்தில் 'கடல் பார்த்த வீடு' என்ற மூன்று சொற்களில் முடிந்துவிடும் விஷயம், குடிவந்த பிறகு எத்தனை கிளைகளாகப் பிரிகிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அறிந்துகொள்வது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

ஊர்

வடக்கே அடையாற்றின் முகத்துவாரமும், 1882-இல் அடையாறுக்கு வந்த பிரம்மஞான சபையின் தோப்பும், தெற்கே ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவும், கிழக்கே எலியட்ஸ் கடற்கரையும் நமது எல்லைகள். 1970-களில் வீட்டு வசதி வாரியத்தின் மனைகளும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளுமாக உருவான இந்த நகர், நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் கடன் வாங்கி வீடு கட்டிய இடமாகத்தான் தொடங்கியது. இன்று சென்னை மாநகரின் விலை மிகுந்த பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. அந்த விலையைப் பார்த்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரூர் குப்பமும் ஆல்காட் குப்பமும் ஓடைக்குப்பமும் இந்த நகருக்கு மூத்தவை. நமது மனைகள் அளக்கப்படுவதற்கு முன்பே அங்கே படகுகள் இருந்தன, வலைகள் உலர்ந்தன. விடியற்காலையில் கரையில் மீன் வாங்கிக்கொண்டு, பகலில் கருவாட்டு வாசனைக்காக மாநகராட்சிக்குப் புகார் எழுதும் புதுக்குடியினர் ஆண்டுதோறும் ஒருவராவது வந்துவிடுகிறார்கள். அத்தகைய மனுக்களைச் சங்கம் மேலே அனுப்புவதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் முன்னெடுத்த ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, அவென்யூக்களில் வசிப்போரைக் குப்பத்தின் மேடைக்கு முன்னே உட்கார வைத்தது. அதன் பிறகுதான் நம்மில் பலருக்கு அந்தத் தெருக்களின் வழியே தெரிந்தது.

உப்பு

கேள்விகளில் அதிகம் வருவது காற்றைப் பற்றியது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கும். மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாட்களில், குறிப்பாக அக்கினி நட்சத்திரத்தில், அது தாமதமாகும் அல்லது வராமலே போகும். வரும் காற்று உப்பையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. 6-வது அவென்யூவை ஒட்டிய வீடுகளில் ஏ.சி.யின் வெளி யூனிட், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தாங்கிக் கம்பி, இரும்பு ஜன்னல் கிராதி, மோட்டார் சைக்கிள் சங்கிலி என எதுவும் நகரின் உட்பகுதியில் உழைக்கும் அளவுக்கு இங்கே உழைப்பதில்லை. புதிதாக ஜன்னல் போடுவோர் அலுமினியமோ யுபிவிசியோ போடுவதும், எவர்சில்வர் கைப்பிடிச் சுவர் வைப்போர் 316 ரகத்தைக் கேட்டு வாங்குவதும் நல்லது. சாதாரண 304 ரகம் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி கட்டிவிடும்.

இவை செலவோடு போகும். கட்டடத்துக்குள் நடப்பதுதான் கவலைக்குரியது. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்து நெருக்கி, கூரையின் அடிப்பூச்சையும் தூணின் மேற்பூச்சையும் பெயர்த்துத் தள்ளுகிறது. பழைய வீடு வாங்க வருவோர் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வரவேற்பறையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், படிக்கட்டின் அடிப்பாகத்தையும் கார் நிறுத்துமிடத்துத் தூண்களையும் பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தூணின் நீளவாட்டில் விரிசல் ஓடியிருந்தால் ஒரு கட்டுமானப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டிய பிறகே விலை பேசட்டும்.

இடித்துக் கட்டும் திட்டத்தில் பங்கு வாங்குவோர், வில்லங்கச் சான்றையும் பிரிக்கப்படாத மனைப் பங்கின் அளவையும் பார்ப்பதோடு, அந்த மனை, கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடுள்ள கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கடல்நீர் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் செல்லும். ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கத்தில்தான் நகர்ப்பகுதிகளில் கட்ட முடியும். கடலைப் பார்த்த பக்கம் இன்னொரு கட்டடம் வந்து காட்சியை மறைத்துவிடுமோ என்று அஞ்சுவோருக்கு இதில் ஆறுதலும் உண்டு.

தண்ணீர்

உப்பைப் பற்றிப் பேசிய பிறகு தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நமது நிலம் மணல். பெய்யும் மழையை அது உடனே குடித்துக்கொள்ளும். அப்படி இறங்கிய நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி இருந்தால் அதன் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. மேலே ஓரடியை நாம் இழந்தால் கீழே 40 அடியைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்று இதைத் திருப்பியும் வாசிக்கலாம். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்கினால் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பித் தோண்டியவர்கள் உப்புநீரைத்தான் கண்டிருக்கிறார்கள். இங்கே பயன்படுவது ஆழமில்லாத உறைகிணறும், அதற்குள் மொட்டைமாடித் தண்ணீரை இறக்கும் குழாயும்தான். 2003-இல் மாநிலம் முழுவதும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமான பிறகு, முறையாக அதைப் பராமரித்த தெருக்களில் கிணற்றுநீரின் உப்பு குறைந்ததை அத்தெருவாசிகள் நாக்கிலேயே அறிவார்கள். 2019 கோடையில் மாநகரின் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் காத்திராத வீடுகளும் அவைதான்.

குடிநீர் வாரியத்தின் குழாய்நீர் முறை வைத்து வருகிறது. சம்ப்பில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2013-இல் நெம்மேலியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையமும், 2024 பிப்ரவரியில் அங்கேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் நிலையமும் செயல்படத் தொடங்கியது தென்சென்னைக்குப் பெரும் துணை.

இவ்வாண்டு நாம் மிகுதியாகப் பாடுபட்டது இன்னொரு விஷயத்தில். அடித்தளக் கார் நிறுத்தத்துக்காகத் தோண்டும் கட்டுமான இடங்களில், குழியில் ஊறும் நன்னீரை இரவும் பகலும் இறைத்து மழைநீர் வடிகாலில் விடுகிறார்கள். அது சுற்றிலும் உள்ள கிணறுகளின் நீர். ஓர் இடத்தில் அண்டை வீட்டாரின் உறைகிணறு வற்றியபோது சங்கம் தலையிட்டு, இறைக்கும் நீரில் ஒரு பகுதியை, நீரை மீண்டும் நிலத்துக்குள் இறக்கும் தெருவின் மீள்நிரப்புக் கிணற்றுக்குத் திருப்பச் செய்தது. இதைப் பொது விதியாக்குமாறு மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம்; பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

கடலும் மழையும்

கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930 டிசம்பர் 30 அன்று கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்ற இறங்கி உயிரிழந்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம். அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்ளும் பலருக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரிவதில்லை. கரைக்கு வந்த அலைநீர் குறுகிய பாதையாகத் திரும்பி ஓடும் இடத்தில் அலை எழும்பாது, நீர் அமைதியாகத் தோன்றும். குளிக்க இறங்குவோர் அதையே தேர்ந்தெடுத்து இழுத்துச் செல்லப்படுகிறார்கள். அதனால்தான் இங்கே குளிப்பதைக் காவல்துறை தடை செய்திருக்கிறது. குழந்தைகளோடு குடிவருவோர் இதை முதல் வாரத்திலேயே அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் நடுவில் வந்த கனமழை எச்சரிக்கையின்போதும், நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போதும் நமது தெருக்களில் தண்ணீர் நெடுநேரம் தேங்கவில்லை. தேங்கிய சில இடங்களில் காரணம் மழையன்று. கட்டுமான மணலும் கல்லும் வடிகாலை அடைத்திருந்தன.

சுனாமியின் 20-ஆம் நினைவு நாளான டிசம்பர் 26 அன்று மீனவர்கள் கடலில் பால் ஊற்றி மலர் தூவியபோது, அவர்களுடைய அழைப்பின் பேரில் செயற்குழுவினர் உடன் நின்றனர்.

ஆமைகள்

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையெங்கும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. நமது கரையும் தப்பவில்லை. காலை நடைக்குச் சென்றவர்கள் அந்த நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். ஆமை நீருக்குள் வாழ்ந்தாலும் மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குள் இழுத்துச் செல்லும் இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் மூச்சுத் திணறியே இறக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது என்பது விதி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. இதற்கிடையில் நம்மவர் சிலர் குப்பத்து மீனவர்கள்மேல் பழி போட்டதை நான் வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. கண்ணாடியிழைப் படகில் போய், மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் செவுள் வலை போட்டு வருகிறவர்களையும் இழுவலைக் கப்பல்களையும் ஒன்றாகப் பார்ப்பது நியாயமன்று.

நாம் செய்யக்கூடியது கரையில் இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை தாய் ஆமைகள் இரவில் மணலேறி, ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேலும்கூட இடுகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுவதும் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். ஏறக்குறைய 50 நாளில் பொரியும் குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகரும். மின்விளக்கு இல்லாத கரையில் வெளிச்சம் கடலில் இருக்கும். நமது கரையில் அது பால்கனி விளக்காகவும் கடைகளின் விளம்பரப் பலகையாகவும் இருக்கிறது. கடலை நோக்கிய வீடுகளுக்கு நேரில் சென்று இரவு 11 மணிக்கு மேல் வெளி விளக்கை அணைக்கக் கேட்டோம். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். காட்சிக்காகவே அவ்வளவு விலை கொடுத்தோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். விளக்கை அணைத்தால்தான் இரவில் கடல் தெரியும் என்பதை அவர்களுக்குச் செய்து காட்ட வேண்டியிருந்தது.

கூட்டமும் போக்குவரத்தும்

அமைதியான கடலோர ஊர் என்று எண்ணி வருவோர் ஒரு ஞாயிறு மாலை வந்து பார்ப்பது நல்லது. சுண்டல், மிளகாய் பஜ்ஜி, வறுத்த மீன், மாங்காய்க் கீற்று, பலூன் சுடும் துப்பாக்கி, வண்டி நிறுத்த இடம் தேடும் ஹாரன் எல்லாம் சேர்ந்ததுதான் நமது மாலை. ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் கொடியேறியதும், காவி உடையில் நகரின் பல பகுதிகளிலிருந்து நடந்தே வரும் பக்தர்களால் செப்டம்பர் 8 வரை தெருக்கள் நிறையும். அந்நாட்களில் வாகனங்கள் சுற்றிச் செல்லும், விருந்தினரை அழைக்கும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும். புத்தாண்டு இரவும் அப்படியே. தள்ளுவண்டி வியாபாரிகளை அகற்றக் கோரும் மனுவில் சங்கம் கையெழுத்திடவில்லை. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. நடைபாதையையும் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதையையும் மறிக்காமல் இருக்க அவர்களோடு பேசி முடித்திருக்கிறோம்.

பேருந்து நிலையத்திலிருந்து பெரம்பூருக்கு 29சி, அயனாவரத்துக்கு 23சி உட்படப் பல தடங்கள் உண்டு. பறக்கும் ரயிலுக்குத் திருவான்மியூரோ இந்திரா நகரோ போக வேண்டும். மாதவரம்–சிப்காட் மெட்ரோ பணி முடியும்வரை அடையாறு வழியே அவசரப் பயணம் வேண்டாம்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு

செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது. முதலாவது, கடலை நோக்கிய வீடுகளை வாடகைக்கு விடும் உறுப்பினர்கள், ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு 11 மணிக்கு மேல் வெளி விளக்குகளை அணைக்கும் நிபந்தனையை வாடகை ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். இரண்டாவது, பருவமழைக்கு முன்பாக, செப்டம்பர் மாதத்திலேயே ஒவ்வொரு தெருவின் மீள்நிரப்புக் கிணறும் தூர்வாரப்பட்டு, அதற்கான செலவைத் தெருவாசிகளும் சங்கமும் சரிபாதியாக ஏற்க வேண்டும். இவ்வறிக்கையையும் தீர்மானங்களையும் விவாதித்து ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்