பேராசிரியர் வில்லியம் விக்ரிக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க் சுரங்க ரயிலுக்கு 1952-ல் நீங்கள் சொன்ன யோசனை எளிமையானது. போகும் தூரத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாறட்டும். கூட்டம் பிதுங்கும்போது கூடுதல், பெட்டிகள் காலியாக ஓடும்போது குறைவு. நகரம் ஏற்கவில்லை. இன்றும் அங்கே எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான்.

நீங்கள் விடவில்லை. 1959-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய், கார்களில் மின்னணுக் கருவி பொருத்தி, நெரிசலான சாலைகளுக்கும் இப்படியே வசூலிக்கலாம் என்றீர்கள். அதற்கு ரொம்பச் செலவாகும் என்றார்கள். அப்புறம் உங்கள் காரிலேயே மலிவான ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டரைப் பொருத்திக் காட்டினீர்கள்! கொலம்பியா பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் அந்த அளவுக்கு இறங்கி வேலை பார்த்ததை நினைத்தாலே உங்கள்மேல் பிரியம் கூடுகிறது.

நெரிசலுக்குள் நுழையும் ஒவ்வொரு காரும் பின்னால் வரும் அத்தனை பேரின் நேரத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. புகையும் அப்படித்தான், ஊரே சுவாசிக்கிறது. ஓட்டுபவரின் கணக்கில் இது எதுவும் வருவதில்லை. அதை அவர் கணக்கில் சேர்ப்பதுதான் நீங்கள் கேட்ட கட்டணம்.

சிங்கப்பூர் 1975-ல் நகர மையத்துக்குள் காரில் நுழையக் காசு கொடுத்து வாங்கும் உரிமச் சீட்டோடு இந்தக் கட்டணத்தைத் தொடங்கி, 1998-ல் மின்னணு முறைக்கு மாறியது. வண்டிகளின் வேகத்தைப் பார்த்து, அரைமணிக்கு ஒரு விகிதமாகக் கட்டணத்தை ஏற்றி இறக்குகிறார்கள். உங்களை உண்மையாகப் புரிந்துகொண்ட ஊர் அதுதான் என்பேன். 2003-ல் லண்டனும் இந்தக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. ஸ்டாக்ஹோமில் முதலில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். 2006-ல் ஏழு மாதம் சோதித்தபோது போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. அதை நேரில் கண்ட நகரவாசிகள் அந்த ஆண்டு வாக்கெடுப்பில் ஆதரித்தார்கள்.

1996-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள் நீங்கள் காலமாகிவிட்டீர்கள். சிங்கப்பூரின் உரிமச் சீட்டுக்குப் பிறகு வந்த இந்த எதையும் நீங்கள் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

உங்கள் நியூயார்க்கும் 2025 ஜனவரி 5-ல் தொடங்கிவிட்டது. மன்ஹாட்டனில் 60-வது தெருவுக்குத் தெற்கே நுழையும் காருக்குப் பகலில் 9 டாலர். மனதாரச் சந்தோஷப்பட்டேன். ஆனால் வார நாட்களில் காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை அதே தொகை. அதோடு, பொதுப் போக்குவரத்துக்காக 1500 கோடி டாலர் திரட்டுவதும் திட்டத்தின் இலக்கு. பணம் ரயிலுக்குப் போவது நல்லதுதான். ஆனால் நெரிசல் குறைந்தால் வசூலும் குறையும். அப்போது நிர்வாகம் எந்தப் பக்கம் நிற்கும்? காலை 8 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் ஒரே விலை என்பதை நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டீர்கள். சிங்கப்பூரைப் போல நேரத்துக்கு நேரம் விகிதத்தை மாற்றத் தேவையான கேமராக்களும் கருவிகளும் அங்கே இப்போதே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் வாசகன்