பீட்டாவும் ஒற்றைக்கொம்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் பீட்டா பதிப்பை (முழுதாக வெளியாகும் முன் சோதித்துப் பார்க்க விடுவது) கிட்டவே சேர்க்கக் கூடாது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அலுவலகக் கணினி என்றால் நானும் அதையேதான் சொல்வேன். பரணில் தூசு படிந்து கிடக்கும் பழைய மடிக்கணினிக்கு என்ன வந்தது?

போன மாதம் ஒரு பீட்டாவை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, கணினியின் வன்வட்டில் கை வைக்காமல் ஓடவிட்டேன். மொழி தமிழ். முதல் திரையிலேயே ‘தொடர்க’ பொத்தானில் ஒற்றைக்கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நின்றது! ஆங்கிலத்தில் ஆயிரம் பேர் சோதித்தாலும் இது கண்ணில் படாது. திரையைப் படம் பிடித்து, பதிப்பு எண்ணோடு அதை உருவாக்குகிறவர்களிடம் பிழை என்று பதிந்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: எழுத்துகளைக் கோக்கும் நிரல்தொகுப்பு, நிறுவும் மென்பொருளில் விடுபட்டிருந்ததாம். அடுத்த பதிப்பில் கொம்பு இடத்துக்கு வந்துவிட்டது.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு (நான் சோதித்தது அதுவல்ல) ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியாகிறது; பீட்டா சில வாரம் முன்பே வந்துவிடும். சொல்வதை அப்போதே சொல்ல வேண்டும். தமிழில் நிறுவிப் பார்க்க இன்னும் நாலு பேர் வந்தால் தேவலை. வட்டிலேயே நிறுவுகிறவர்கள் மட்டும் கோப்புகளை முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். சோம்பல்பட்டுக் கல்யாணப் படங்களைத் தொலைத்தவன் சொல்கிறேன். வீட்டில் இன்னும் பேச்சு வாங்குகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்