தண்ணீரா, டேப்லெட்டா?

திருவான்மியூர்
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குச் சோம்பல் காரணமில்லை. வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள். மேஜை ஓர் அறையில், நாற்காலி இன்னோர் அறையில், நான் மொட்டை மாடியில். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்ததை இங்கே எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றாகிவிட்டது, படம் வரைய ஆசை. மகள் ஐபேட் வாங்கித் தருகிறேன் என்கிறாள், உன் வீட்டம்மாவோ ‘பேசாமல் ஒரு வாட்டர்கலர் டப்பா வாங்குங்கள்’ என்கிறார். இரண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால்தானே என்னைக் கேட்கிறாய்?

ஆறாம் வகுப்பில் நாம் வரைந்தது நினைவிருக்கிறதா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, வளைந்த தென்னை. வகுப்பு முழுக்க அதே படம். நீ மட்டும் சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் வைத்து டிராயிங் மாஸ்டரிடம் குட்டு வாங்கினாய். அந்தக் கேமல் டப்பா நினைப்பில்தான் நாலு வருடத்துக்கு முன் நானும் கடைக்குப் போனேன். கலரும் பிரஷ்ஷும் பார்த்துப் பார்த்து வாங்கினேன். தாள் மட்டும் கையில் கிடைத்த டிராயிங் நோட்டு.

முதல் இரண்டு மாதம் என் கையைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பார்த்தால், குற்றவாளி தாள். தண்ணீர் பட்டதும் அப்பளம் மாதிரி நெளிந்தது. பள்ளத்தில் கலர் குளம் கட்டியது, மேட்டில் வெளுத்தது. முழுக்கப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமான தாளில் அதே கையால் அதே வானத்தைப் போட்டேன், வானம் வானமாக வந்தது. விலை குத்தும்தான். 22க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி நாலாக வெட்டிக்கொள், பின்பக்கத்திலும் போடலாம். காசு மிச்சம் பிடிப்பதானால் பிரஷ்ஷில் பிடி.

அப்புறம் வெள்ளை. வாட்டர்கலரில் வெள்ளை என்பது கலர் இல்லை, தாள்தான். இங்கே கடற்கரையில் ஃபைபர் படகுகள் நிற்கும், வெள்ளை உடம்பில் ஒரு நீலப் பட்டை. அந்த வெள்ளையை வரைய முடியாது, விட்டுவைக்கத்தான் முடியும். படகைத் தொடாமல் சுற்றியிருக்கும் மணலையும் கடலையும் போட்டால் நடுவில் படகு தானாக எழுந்து நிற்கும். எங்கே கை வைக்கக் கூடாது என்று பிரஷ்ஷை நனைக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இது எனக்குப் பிடிபட ஒரு வருடம் ஆனது. அதுவரை நான் போட்ட படகெல்லாம் அழுக்கு வேட்டி நிறத்தில்தான் இருந்தன.

அதைவிடப் பெரிய வாத்தியார் ஊர்க் காற்று. மே மாதம் மாடியில் உட்கார்ந்தால், வானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை காய்ந்து கோடு விழுந்துவிடும். நவம்பர் மழையில் அரைமணி ஆனாலும் ஈரம் போகாது. பொறுமையிழந்து பாதி காய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போச்சு: கலரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சுருள் சுருளாக நிறுத்திவிடும். காலிஃபிளவர் என்றே அதற்குப் பெயர். உங்கள் கோவைக் காற்றில் இந்தக் கணக்கு வேறாக இருக்கும். இன்னொன்று, ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதே. காய்ந்தால் ஒரு படி வெளுக்கும்.

கலர் பன்னிரண்டு இருபத்துநாலு என்று வாங்காதே. அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் இருந்தால் நம் ஊர் மழை மேகம், ரோட்டு நிழல், காக்கை எல்லாம் கலந்துவிடலாம். டியூபின் பின்னால் பிபி 29 மாதிரி ஒரு குறியீடு இருக்கும். அது உள்ளே இருக்கும் நிறமியின் எண். ஒரே எண் இருக்கும் டியூபாக எடு, கலக்கும்போது சேறாகாது. நான் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பில் ஒரு செம்பருத்தி போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். இரண்டு வருடத்தில் பூ சோகை பிடித்துவிட்டது. வெயிலுக்கு நிற்காத நிறமி என்று பிறகுதான் படித்தேன்.

டேப்லெட் கதை போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது. தங்கை மகன், லேப்டாப்பில் இணைத்து வரையும், திரை இல்லாத பலகை மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனான். லேப்டாப்பில் கிரிட்டா போட்டுக்கொண்டேன். படம் வரைய, காசு கேட்காத மென்பொருள், குறையொன்றும் இல்லை. கை பலகையில், கண் திரையில். பதினைந்து நாள் ஒரு வட்டம்கூட ஒழுங்காக வரவில்லை. பழகியபின் குஷிதான். கண்ணாடித் தாள் மாதிரி லேயர் லேயராக அடுக்கலாம், தப்பினால் இரண்டு பட்டன் அழுத்தி அழிக்கலாம். ஆனால் ஒரு வாழை இலையில் ஆறு சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன், நம்புவாயா? நரம்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திருத்தினேன். அழிக்க முடியும் என்றதும் எந்தக் கோட்டையும் யோசித்துப் போடவில்லை. தாளாக இருந்திருந்தால் முதல் நாளே காய்ந்து, நல்லதோ கெட்டதோ முடிந்திருக்கும்.

அந்தப் படத்தை அச்சடித்துப் பார்த்தபோது இன்னொரு ஏமாற்றம். இலைக்குப் பின்னால் இருந்த பளீர் நீலம் மங்கிப்போய் வந்தது. அச்சுக்காரர் மேல் தப்பில்லை. திரை நிறத்தை ஒளியாகக் காட்டுகிறது, அந்தப் பளபளப்பு மையில் வராது.

இதையெல்லாம் வைத்து டேப்லெட்டை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே. இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது தாண்டியபின், 2009இல் ஐபோனில் விரலால் வரையத் தொடங்கினார். திரையே வெளிச்சம் என்பதால் விளக்குப் போடாமல், இருட்டிலிருந்தே விடியலை வரைய முடிந்தது அவருக்கு. 2020இல், 82 வயதில், பிரான்ஸில் நார்மண்டியின் வசந்தம் முழுவதையும் ஐபேடில் போட்டார். என்ன, அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் பெயின்ட்டில் புரண்ட கை அது.

எனக்கும் டேப்லெட் ஒரு விஷயத்தில் கண்ணைத் திறந்தது. என் படகுப் படம் ஒன்றைப் போட்டோ எடுத்துக் கிரிட்டாவில் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். மணலும் கடலும் படகின் நிழலும் ஒரே சாம்பல்! நிறம் வேறு வேறாக இருந்தது, இருட்டும் வெளிச்சமும் ஒன்றாக இருந்தது. படம் ஏன் சப்பென்று இருக்கிறது என்று நாலு வருடம் புலம்பியதற்கு ஒரு நிமிடத்தில் பதில். இப்போது பென்சிலில் சின்னதாக நிழல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் தொடுகிறேன்.

அதனால், முதல் ஆறு மாதம் வீட்டம்மா சொன்னதைக் கேள். மகளிடம் ஐபேடைத் தீபாவளிக்குத் தள்ளிப்போடச் சொல். ரயிலிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் அது உதவும், டம்ளர் தண்ணீர் கவிழாது.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அங்கே வருகிறேன். வெட்டிய தாள் பத்துக் கொண்டுவருகிறேன், நீ இப்போது எதையும் வாங்கிவிடாதே. இரண்டு பழைய டம்ளரும் துடைக்க ஒரு கிழிந்த பனியனும் எடுத்து வை. மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வருவேன் என்று வீட்டில் சொல்லிவிடு, அவர் கேட்க மாட்டார் என்று எனக்கும் தெரியும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்