டிவிடி ரைட் பண்ற சாஃப்ட்வேர் செய்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வீட்டுக் கம்ப்யூட்டர்ல வீடியோ டிவிடி செய்றதுக்கு சாஃப்ட்வேர் எழுதுற எல்லாருக்கும் இந்த மடல், காசுக்கு விக்கிற கம்பெனியா இருந்தாலும் சரி, வேலை முடிஞ்சு வந்து ராத்திரி உக்காந்து ஓப்பன் சோர்ஸ்ல சும்மா எழுதிக் குடுக்கிறவங்களா இருந்தாலும் சரி. நான் கேக்கப்போறது ஒரே ஒரு விஷயம்தான். ரைட் ஆகி முடிஞ்சதும் பச்சை டிக் போட்டு டிரேயை வெளிய தள்றீங்க இல்ல, அதுக்கு முன்னாடி இந்த டிஸ்க் இன்னொரு வீட்டு பிளேயர்ல ஒழுங்கா ஓடுமான்னு பார்த்து எங்ககிட்ட சொல்லுங்க. அதுக்கு வேண்டிய விவரம் கிட்டத்தட்ட எல்லாமே உங்க ப்ரோகிராமுக்குத் தெரியும், தெரிஞ்சும் வாயைத் திறக்க மாட்டேங்குது.

இப்பல்லாம் யாரு டிவிடி போடுறாங்கன்னு கேக்காதீங்க. பழைய கேம்கார்டர் டேப்பையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கறவங்க போடுறாங்க, டிவிக்குக் கீழ ஒரு பிளேயர், கையில ஒரு ரிமோட், அதுக்கு மேல எதுவும் வேண்டாம்னு இருக்கற வயசானவங்களுக்குக் குடுக்கணும்னு நினைக்கிறவங்க போடுறாங்க, லிங்க் அனுப்புனா அது என்னைக்கு வேணா செத்துப்போகும்னு புரிஞ்சவங்க போடுறாங்க. இவங்க எப்பவாவது ஒரு தடவைதான் செய்வாங்க, அதனால ஒவ்வொரு தடவையும் போன தடவை கத்துக்கிட்டதெல்லாம் மறந்துபோய் முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. அவங்க ஞாபகம் வச்சுக்க முடியாததை சாஃப்ட்வேர்தான் வச்சுக்கணும், அதுக்குத்தானே அது இருக்கு.

முதல் ஸ்க்ரீன்லேயே ஆரம்பிக்குது பிரச்சனை. ஒருத்தர் எம்பி4 ஃபைலை இழுத்துப் போட்டு ரைட் அமுக்குறாரு, ரைட் ஆகிடுது, கம்ப்யூட்டர்ல போட்டா படமும் ஓடுது, டிவி பக்கத்துல இருக்கற பழைய பிளேயர்ல போட்டா டிஸ்க் எர்ரர். அவர் செஞ்சது டேட்டா டிஸ்க், அதாவது ஃபைலை அப்படியே காப்பி பண்ணி வச்ச டிஸ்க். வீடியோ டிவிடின்னா உள்ள இருக்கற படம் எம்பெக்-2ங்கற சுருக்கற முறையில இருக்கணும், வீடியோ டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கணும், அதுக்குள்ள எங்க எந்தப் படம் இருக்குன்னு சொல்ற ஐஎஃப்ஓ ஃபைல், அதுக்கு ஒரு காப்பியா பியுபி, படத்தை ஒண்ணொண்ணும் 1 ஜிபிக்குள்ள வர்ற மாதிரி வெட்டி வச்ச விஓபி, இதெல்லாம் 1996ல டிவிடி வந்தப்பவே போட்ட சட்டம், பிளேயர் இன்னைக்கும் அதைத்தான் தேடும். டேட்டா டிஸ்க்ல வீடியோ ஃபைலா மட்டும் போடுறாங்கன்னு தெரிஞ்சா "இது டிவி பிளேயர்ல ஓடணுமா?"ன்னு ஒரு கேள்வி கேட்டுட்டு ஆதரிங் பக்கம், அதாவது வீடியோ டிவிடியா அமைச்சுத் தர்ற பக்கம், கூட்டிட்டுப் போனா என்ன குறைஞ்சிடும்?

அடுத்தது இடம். டிஸ்க் மேல 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், விண்டோஸ்ல 4.38ன்னு காட்டும், ரெண்டும் ஒரே அளவுதான், எண்ற விதம்தான் வேற, ஆனா இதைப் பார்த்து டிஸ்க்ல ஏதோ கோளாறுன்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க. அதுல ரெண்டு மணி நேரப் படம் போட்டா ஆடியோவும் சேர்த்து செகண்டுக்கு 5.2 மெகாபிட் கிடைக்கும் (இதைத்தான் பிட்ரேட்டுன்னு சொல்றது), நல்லாவே இருக்கும். நாலு மணி நேரத்தை அடைச்சா 2.6 தான். உங்க சாஃப்ட்வேர்ல இருக்கற "டிஸ்க்குக்கு ஏத்த மாதிரி சுருக்கு" ஆப்ஷன் அதையும் சத்தமில்லாம அடைச்சிடுது. வீட்டு வீடியோவுக்கு இது சினிமாவை விட மோசமா அடிக்கும், ஏன்னா ஸ்டாண்டு இல்லாம கையில பிடிச்சு எடுத்ததுல ஒவ்வொரு ஃப்ரேமும் கொஞ்சம் ஆடியிருக்கும், எம்பெக்-2 முந்தின ஃப்ரேமைப் பார்த்து மிச்சம் பிடிக்கிற டெக்னிக், எல்லாமே ஆடுனா மிச்சம் பிடிக்க ஒண்ணும் இல்ல, குழந்தை ஓடி வர்ற இடத்துல முகம் கட்டம் கட்டமா உடைஞ்சு போகும். மூணு மணி நேரம் எம்பெக்-2வா மாத்தி (என்கோட் பண்ணி) முடிச்சப்புறம் அதைத் தெரிஞ்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்? ரொம்ப ஆடுற இடமாப் பார்த்து முப்பது செகண்டை மட்டும் முதல்ல சுருக்கிக் காட்டுங்க, ரெண்டு டிஸ்க்கா பிரிக்கலாமான்னு அப்ப அவங்களே முடிவு பண்ணுவாங்க. சின்ன வீடியோன்னா இதுக்கு நேர் எதிரா உச்சத்துக்கு ஏத்தறீங்க, செகண்டுக்கு வீடியோவுக்கு 9.8 மெகாபிட், மொத்தத்துக்கு 10.08ன்னு டிவிடியில ஒரு எல்லை இருக்கு, சுருக்காத ஆடியோவே 1.5 எடுத்துக்கும், அந்த எல்லையை ஒட்டி ரைட் பண்ண டிஸ்க்கை பழைய பிளேயர் திக்கித் திக்கி ஓட்டும். 8க்கு மேல போக வேண்டிய அவசியமே இல்ல.

எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்கறது ஃபீல்டு ஆர்டர் விஷயம். பழைய கேம்கார்டர் படம் இன்டர்லேஸ்டு, ஒரு ஃப்ரேம்ல ஒத்தைப்படை கோடு ஒரு நேரத்துல எடுத்தது, ரெட்டைப்படை கோடு இன்னொரு நேரத்துல எடுத்தது, இந்த ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டுன்னு பேரு, எது முதல்லங்கறதுதான் ஃபீல்டு ஆர்டர். டிஜிட்டல் கேம்கார்டரோட DV டேப்ல கீழ் ஃபீல்டு முதல்ல வரும், டேப்பைக் கம்ப்யூட்டர்ல ஏத்தற வேற பல கேப்சர் கார்டுல மேல் ஃபீல்டு முதல்ல வரும், இதை மாத்திக் குறிச்சுட்டா நடக்கறவங்க எல்லாம் ரெண்டடி முன்னாடி ஓரடி பின்னாடின்னு உதறி உதறி நடப்பாங்க. கம்ப்யூட்டர்ல பாக்கறப்ப பெரும்பாலும் இது தெரியவே தெரியாது, டிவியில போட்டாத்தான் தெரியும், அதுக்குள்ள டிஸ்க் ஊருக்கெல்லாம் போயிருக்கும். வாங்குனவங்க கேமராதான் சரியில்லன்னு நினைச்சுப்பாங்க. இவ்வளவுக்கும் இதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல, ரெண்டு வரிசையையும் போட்டுப் பார்த்து எதுல அசைவு சீராப் போகுதுன்னு கணக்குப் போட்டாப் போதும், வீடியோ மாத்தறதுக்கான இலவச டூல் எஃப்எஃப்எம்பெக்ல ஐடெட்னு ஒரு ஃபில்டரே இதுக்குன்னு இருக்கு, உங்கள்ல பல பேர் உள்ளுக்குள்ள எஃப்எஃப்எம்பெக்கைத்தான் ஓட்டுறீங்க, அப்புறம் ஏன் அந்த செட்டிங்கை "அட்வான்ஸ்டு"ங்கற அறைக்குள்ள பூட்டி வைக்கறீங்க?

போன்ல எடுத்த வீடியோவுக்கு வேற தலைவலி. அதுல ஃப்ரேம் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கறது, நிலையா இருக்காது, வெளிச்சம் குறைஞ்சா அதுவும் குறையும், அதை அப்படியே விட்டா போகப்போக உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கம்னு விலகிடும். 30 ஃப்ரேம் படத்தை PAL முறை டிவிக்கான டிஸ்க்குக்காக 25 ஆக்குனா ஆறுல ஒண்ணு காணாம போகும், கேமராவை மெதுவா திருப்பற இடமெல்லாம் இடறும். படம் எந்த ரேட்ல இருக்கு, டிஸ்க் எந்த நாட்டு டிவிக்குப் போகுதுன்னு ரெண்டையும் வச்சு நீங்களே ஒரு யோசனை சொல்லலாம்.

மெனுவுக்கு டெம்ப்ளேட் மட்டும் கொட்டிக் கிடக்கு, அதுல பட்டனை ஓரத்துல கொண்டுபோய் வச்சா பழைய டிவியில விளிம்போட வெட்டிப் போகும்னு ஒரு கோடு போட்டுக் காட்டக்கூட மாட்டேங்கறீங்க.

ரைட் பண்றப்போ முக்கியமா ரெண்டு. ஒண்ணு ஃபைனலைஸ், அதாவது எழுதி முடிச்ச டிஸ்க்கை மூடி முடிக்கறது, அது பண்ணாத டிஸ்க் மத்த பிளேயர்ல பெரும்பாலும் ஓடாது, வீடியோ டிவிடிக்கு அந்த ஆப்ஷனை ஆஃப் பண்ணவே விடக்கூடாது. இன்னொண்ணு வெரிஃபை. 16 எக்ஸ் வேகத்துல ஒரு டிஸ்க் ஆறு நிமிஷம் கிட்டதான் எடுக்கும், திரும்பப் படிச்சுப் பாக்க இன்னும் கொஞ்ச நிமிஷம், அந்தக் கொஞ்ச நிமிஷத்தை மிச்சம் பிடிக்கறதுக்காக நான் பாத்த பல சாஃப்ட்வேர்ல வெரிஃபை டிக் இல்லாமலே வருது. எழுதுன டிரைவே படிச்சுப் பாக்கறதால அது முழு உத்தரவாதம் ஆகாதுதான், ஆனாலும் எழுதறப்பவே கெட்டுப்போன டிஸ்க் அங்கேயே பிடிபடும். டிவிடி பிளஸ் ஆர் டிஸ்க்குன்னா, இது எந்த வகை டிஸ்க்குன்னு பிளேயருக்குச் சொல்ற புக்டைப்பை DVD-ROMனு மாத்தி எழுதற வசதி நிறைய டிரைவ்ல இருக்கு, அப்படி எழுதுனா அந்த வகை டிஸ்க்கையே தெரியாத ரொம்பப் பழைய பிளேயர் சிலது ஏத்துக்கும், அதையும் எங்கேயோ ஒளிச்சுதான் வச்சிருக்கீங்க.

பெரிய கம்பெனிங்க இந்தப் பக்கத்தை விட்டுப் போயாச்சு. விண்டோஸ் டிவிடி மேக்கர் விஸ்டாலயும் 7லயும் சில எடிஷன்ல இருந்துச்சு, 8ல எடுத்துட்டாங்க. ஆப்பிள் 2001ல கொண்டுவந்த டிவிடி செய்ற சாஃப்ட்வேர் ஐடிவிடி 2011க்கு அப்புறம் வந்த புது மேக்ல இல்ல. எத்தனையோ பேர் இன்னைக்கும் நம்பி ஓட்டற இலவச ரைட்டிங் சாஃப்ட்வேர் இம்ஜ்பர்னோட கடைசி வெர்ஷன் 2013ல வந்தது. ப்ளூரே ரெக்கார்டபிள் டிஸ்க் செய்றதை சோனி 2025 பிப்ரவரியோட நிறுத்திடுச்சு. வெத்து டிஸ்க் கிடைக்கறதே குறைஞ்சுட்டு வர்ற நேரம், ஒரு டிஸ்க் வீணானா முன்ன மாதிரி கட்டுலேர்ந்து இன்னொண்ணு உருவி எடுக்கற கதை இல்ல, அதனாலதான் ரைட் பண்றதுக்கு முன்னாடியே சொல்லுங்கன்னு இவ்வளவு தூரம் கேக்கறேன். லைசென்ஸ் செலவுன்னு காரணம் சொல்றதும் இப்ப எடுபடாது, டிவிடி ஆடியோவைச் சுருக்கற டால்பி ஏசி3 பேட்டன்ட் 2017ல முடிஞ்சுது, எம்பெக்-2க்கு அமெரிக்கால இருந்த கடைசி பேட்டன்ட் 2018 பிப்ரவரில முடிஞ்சுது. சும்மா எழுதித் தர்றவங்களுக்கும் வழி திறந்துதான் இருக்கு.

ரைட் பட்டனுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கம் வையுங்க. பிட்ரேட் போதுமா, ஃபீல்டு ஆர்டர் சரியா, ஃப்ரேம் ரேட் நிலையா இருக்கா, பட்டன் விளிம்புல மாட்டுதா, வெரிஃபை ஆன்ல இருக்கான்னு அது சாதாரண பேச்சுல சொல்லட்டும். யாராவது இதை எழுத ஆரம்பிச்சா டெஸ்ட் பண்றதுக்கு கீழ் ஃபீல்டு முதல்ல வர்ற டேப் கேப்சரும், ரேட் மாறிக்கிட்டே இருக்கற போன் வீடியோவும் என்கிட்ட நிறைய இருக்கு, கேட்டா தர்றேன், ரைட் பண்ணி பழைய பிளேயர்ல போட்டுப் பார்த்து என்ன ஆச்சுன்னும் எழுதி அனுப்பறேன்.

இப்படிக்கு,
இன்னும் டிவிடி போட்டுக்கிட்டு இருக்கற ஒருத்தர்