எங்கள் கோயில் கூரையில் சோலார் போட்ட கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் பக்கத்துச் சிறிய கோயில் ஒன்றின் செயலாளர் எழுதுகிறேன். செப்டம்பரில் மின்சாரம் ஏன் குறைந்தது என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டாயிற்று. மூன்றுக்கும் "அந்த மாதம் மேகமூட்டம்" என்ற ஒரே பதில். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

செப்டம்பரில் 1,200 யூனிட் வரும் என்று எழுதிக் கொடுத்தீர்கள். வந்தது 970. தகட்டில் கரும்புச் சாம்பல் படிந்திருக்கும், கழுவுங்கள் என்றீர்கள். சரி, பையன்கள் வாரம் தவறாமல் ஏணி வைத்து ஏறிக் கழுவினார்கள். குறைந்ததில் பாதிகூடத் திரும்பவில்லை.

அது மேகம் இல்லை ஐயா, புகை. பட்டப்பகலில் வானம் பால் தெளித்த மாதிரி வெளுத்திருந்தது. கொடிமரத்தின் நிழல் ஓரம் கலைந்து விழுந்தது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஜாம்பியா, மொசாம்பிக் பக்கம் எரியும் காட்டுப்புகை தெற்கே இறங்கி, நம் தலைக்கு மேலாகக் கடலுக்குப் போவதுண்டு. போதாததற்கு இங்கேயும் வெட்டுக்கு முன் கரும்பைக் கொளுத்துகிறார்கள். புகைத்துகள் நேர்வெயிலைச் சிதறடிக்கும். கரித்தூள் ஒரு பங்கை விழுங்கிவிடும். மிச்சம்தான் தகட்டுக்கு.

எத்தனை யூனிட் வரும் என்று நீங்கள் கணித்துக் கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தோம். செயற்கைக்கோள் பார்த்தது மேகத்தை மட்டும். காற்றிலுள்ள தூசுக்கும் புகைக்கும் பல வருட மாதச் சராசரி, அதுவும் 50 கிலோமீட்டர் கட்டம் ஒன்றுக்கு ஒரே எண். எங்கள் கட்டத்தில் பாதி இந்தியப் பெருங்கடல். தகடு மாட்டியது எங்களுக்கா, மீன்களுக்கா?

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அன்று மின்வெட்டு. உங்கள் கணக்கை நம்பி ஜெனரேட்டரை முன்பே விற்றிருந்தோம். மாலை ஆறரைக்கே பேட்டரி தீர்ந்து, கிரைண்டர் பாதி மாவோடு நின்றது. விரதம் இருந்த எழுபது வயது அக்கா ஒருவர் கைபேசி வெளிச்சத்தில் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து மீதி மாவை ஆட்டினார். பூசை முடிய ஒன்பது மணி. சாப்பிடாமல் திரும்பிய பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: புகை மாதங்களுக்குத் தனிக் கணக்கு. டர்பனில் பல்கலைக்கழக வளாகத்திலேயே கருவி வைத்து நேர்வெயிலையும் சிதறிய ஒளியையும் தனித்தனியே அளந்திருக்கிறார்கள். இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். அதோடு உங்கள் எண்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க என்ன தடை?

1860-ல் எங்கள் பாட்டன்மாரைக் கப்பலில் ஏற்றி வந்தது இந்தக் கரும்பை வெட்டத்தான். இன்றும் அதன் சாம்பல் எங்கள் கூரையில்தான் விழுகிறது. கொளுத்துகிறவர்களைக் கேட்க ஆளில்லை, அனுமதி கொடுக்கிறவர்களையும் கேட்க ஆளில்லை... அது உங்கள் தப்பில்லை, மன்னிக்கவும். உங்களிடம் கேட்பது புகை மாதங்களுக்கான கணக்கு மட்டும். அடுத்த புரட்டாசிக்கு முன் திருத்தித் தாருங்கள். எத்தனை பேட்டரி கூடுதலாக வேண்டும் என்பதையும் தயவுசெய்து அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோயில் செயலாளர்

பி.கு.: நேரில் வருவதானால் வெள்ளைச் சட்டை வேண்டாம். கரும்பு வெட்டு நடக்கிற காலம்.