தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து செல்விக்கு

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் கோழி விற்கும் விலையைப் பற்றிப் புலம்பியிருந்தாய். டர்பனிலும் அதே கதைதான். என் முட்டிவலி பரவாயில்லை.

மகனைக் கேட்டிருந்தாயே, அவனை வாட்டுவது வீட்டுக்கடன். 2021இல் இங்கே டர்பன் ஃபீனிக்ஸில் வீடு வாங்கியபோது வங்கிகளின் அடிப்படையான பிரைம் வட்டி 7 விழுக்காடு. 2023 மே மாதத்தில் அது 11.75இல் வந்து நின்றது. ஐந்து லட்சம் ராண்ட், இருபது வருடக் கடன். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 1,500 ராண்டுக்கு மேல் கூடுதல். விலைவாசியை அடக்கத்தான் வட்டியை ஏற்றுகிறோம் என்றார்கள் ரிசர்வ் வங்கிக்காரர்கள். நல்ல அடக்கம்! பாண்டை, அதாவது வீட்டுக்கடன் தவணையைக் கட்டாவிட்டால் வீடு போய்விடும், பள்ளிக் கட்டணத்திலும் கைவைக்க முடியாது. மிஞ்சியது அடுப்படிதான். மருமகள் ஆட்டுக்கறியை தீபாவளிக்கு என்று ஒதுக்கிவிட்டாள். இப்போது வட்டி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கறி இன்னும் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு அவள் கடைச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, மீலி என்கிற மக்காச்சோள மாவு, முட்டை, பால், டின் மீன், பிரவுன் பிரெட் எதற்கும் வாட் வரி இல்லை. கோழிக்கு 15 விழுக்காடு. 2019 ஏப்ரலில் வெள்ளை மாவுக்கு வரியை எடுத்தார்கள், ஆனால் அதே மாவை வெள்ளை ரொட்டியாகச் சுட்டு விற்றால் வரி உண்டு. ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றுகிற பன்னி சௌவை யாராவது பிரவுன் பிரெட்டில் சாப்பிடுவார்களா, நீயே சொல்! 2025 மே முதல் வாட்டை 15.5 ஆக்கப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் கடைசியில் கைவிட்டார்கள். அந்த மட்டில் நிம்மதி.

வரியைக் குறைத்தால் தட்டு நிறையும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ, வீட்டுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் தட்டில் விழுகிறது. முன்பு நாம் இருந்த டர்பன் கேட்டோ மேனரில் எங்கள் பாட்டி போட்டிருந்த தோட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். கத்தரி, அவரை, வெந்தயக்கீரை, ஓடை ஓரம் முழுக்க மதும்பி என்கிற சேப்பங்கிழங்கு. விடிவதற்கு முன்னால் கூடையைத் தூக்கிக்கொண்டு வார்விக் அவென்யூ சந்தைக்குப் போவாள். விற்காததுதான் நமக்குக் குழம்பு. 1958இல் நிறவெறி அரசு அந்த இடத்தை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். அப்புறம் நாம் எல்லோரும் இங்கே சாட்ஸ்வொர்த்துக்கு வந்து சேர்ந்தோம். சிமெண்டு வீடு கிடைத்தது, சரி. ஆனால் மாதாமாதம் கார்ப்பரேஷனுக்கு வாடகை, வேலைக்குப் போக பஸ் காசு, கீரையைக்கூடக் கடையில் வாங்கவேண்டிய நிலைமை. முற்றமோ ஒரே சரிவு, மழை பெய்தால் மண் கீழ்வீட்டுக்குப் போய்விடும். நம்மை விரட்டிய நிலத்தில் பெரும்பகுதி பல வருடம் புதர் மண்டிச் சும்மா கிடந்ததே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள் இன்றும் சுவரையும் கூரையையும் மட்டும்தான் எண்ணுகிறார்கள். வேலை எவ்வளவு தூரம், நாலு செடி வைக்க இடம் உண்டா என்று யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் பக்கம் வீட்டுவரியும் மின்கட்டணமும் எவ்வளவு ஏறியிருக்கின்றன? உன் பென்ஷனில் சமாளிக்க முடிகிறதா? மறைக்காமல் எழுது. தைப்பூசக் காவடிக்கு வந்தால் எங்கள் வீட்டிலேயே தங்கு.

அன்புடன்,
கமலா